முதலில் பட்டறை போடுங்கள், மரம் பிறகு நடலாம்

பட்டறை என்றதும் இந்தப் பக்கத்தை வாசிக்கிற உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும் என்று எனக்குத் தெரியும். சிறுகதைப் பட்டறை. மொழிபெயர்ப்புப் பட்டறை. ஏதோ ஒரு பண்ணை வீட்டில் மூன்று நாள், வட்டமாக நாற்காலிகள், நடுவில் ஒரு மூத்த எழுத்தாளர், மாலையில் சுக்குக் காப்பி. நானும் போயிருக்கிறேன். நல்ல அனுபவம்தான். ஆனால் அந்தச் சொல்லுக்குள் ஒரு காலத்தில் உலைத்தீ இருந்தது. பட்டறை என்றால் கொல்லன் பட்டறை, தச்சுப் பட்டறை. இரும்பு அடிபடுகிற சத்தம், மரத்தூள் வாசனை, உள்ளங்கையில் காய்ப்பு. அந்தச் சொல்லைக் கழுவித் துடைத்து, கை அழுக்காகாத ஓர் அறைக்குள் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டோம். பேர் மட்டும்தான் மிச்சம்.

இப்போது நிலத்தையும் அதே மாதிரிதான் செய்துகொண்டிருக்கிறோம். அதைப் பற்றித்தான் இந்தச் சண்டை.

1

திருவண்ணாமலையிலிருந்து செங்கம் போகிற பக்கம் ஒரு கிராமத்தில் இரண்டேகால் ஏக்கரில் குடியிருக்கிறேன். செம்மண், நடுநடுவே பாறை, ஒரு பழைய கிணறு, ஒரு போர். ஒன்பது வருடமாகிறது. என்னைச் சுற்றி யார் நிலம் வாங்குகிறார்கள், யார் விற்றுவிட்டுப் போகிறார்கள் என்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். சென்னையிலிருந்து நாலு மணி நேரம், பெங்களூரிலிருந்தும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரைத் தாண்டி எந்தச் சாலையில் வெளியே வந்தாலும் ஃபார்ம் பிளாட் போர்டு. கால் ஏக்கர், அரை ஏக்கர், மலை தெரியும், தார் ரோடு உண்டு. தமிழ்நாட்டில் விவசாய நிலத்தை வாங்க விவசாயியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. கர்நாடகத்தில் அப்படியொரு தடை இருந்தது, 2020இல் அங்கேயும் எடுத்துவிட்டார்கள். பணம் இருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு காலைப்பொழுதில் முடிகிற காரியம்.

வாங்குகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. பெரும்பாலும் உங்களைப் போன்றவர்கள். முப்பது, முப்பத்தைந்து வயது. ஃபுகுவோகாவை வாசித்தவர்கள், நம்மாழ்வாரின் பேச்சைக் கேட்டவர்கள், லேப்டாப்பைப் பார்த்துப் பார்த்துக் கண் எரிந்துபோனவர்கள். முதல் வருடம் வேலி, ஒரு போர், இருநூறு கன்று, கேட்டில் அழகான தமிழ்ப் பெயர்ப்பலகை. இரண்டாம் வருடம் ஒரு மண்வீடு, நண்பர்கள் வருகை, ஒரு கவிதை வாசிப்பு. மூன்றாம் கோடையில் மோட்டார் நின்றுபோகும். மெக்கானிக் 'நாளைக்கு வரேன் சார்' என்பார். அவரும் மனிதர்தான், அவருக்கும் நாற்பது கிணறு இருக்கிறது. பத்து நாளில் கன்றுகள் சுருண்டுவிடும். கன்று போன இடத்தில் வேலிகாத்தான் முளைக்கும். நாலாம் வருடம் அதே கேட்டில் 'விற்பனைக்கு' என்று எழுதி ஒரு போன் நம்பர்.

பக்கத்து நிலத்து அண்ணன் ஒருமுறை சொன்னார்: "மரம் வைக்கிறது இன்னா பெரிய வேல தம்பி? வச்ச மறுநாள்ல இருந்து ஒடையறத யாரு பாக்கறது?"

இதைவிடச் சரியாக ஒருவர் நிலத்தைப் பற்றிச் சொல்லி நான் கேட்டதில்லை. நிலம் என்பது உடைந்துகொண்டே இருக்கிற ஒன்று. வரப்பு கரையும், வேலிக் கம்பி தளரும், மண்வெட்டிக் காம்பு முறியும், டிரிப் லைனை அணில் கடிக்கும், உப்புத் தண்ணியில் சொட்டுவாய் அடைக்கும், கதவு நிலையைக் கறையான் தின்னும், மும்முனையில் ஒரு ஃபேஸ் போனால் மோட்டார் காயில் எரியும். விவசாயம் என்று நாம் சொல்வதில் பாதி ரிப்பேர் வேலை. அந்தப் பாதியைப் பற்றி நம்முடைய இயற்கை இலக்கியத்தில் ஒரு பக்கம்கூடக் கிடையாது என்பது என் குற்றச்சாட்டு. விதை வருகிறது, மழை வருகிறது, மண்வாசனை வராத கட்டுரையே இல்லை. பைப் ரிஞ்ச் எங்கேயும் வருவதில்லை.

2

இதற்கு எதிர்வாதமாக என்னிடம் அடிக்கடி வைக்கப்படுகிற இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று ஃபுகுவோகா. இன்னொன்று, இந்த ஊர் என்பதால், ரமணர். "சும்மா இருக்கிறதுதான் ப்ரோ உச்சம். நிலத்தை அது போக்குல விடுங்க."

ஃபுகுவோகாவை ஒழுங்காக வாசித்தவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். அவர் தாவர நோயியல் படித்தவர், யோகோஹாமா சுங்கத்துறையில் செடிகளைச் சோதிக்கும் வேலையில் இருந்தவர். வேலையை விட்டு ஊருக்கு வந்ததும் அப்பாவின் ஆரஞ்சுத் தோட்டத்தை 'அது போக்கில்' விட்டார். கவாத்து பழகிய மரங்கள் கிளை பின்னி, பூச்சி பிடித்து, பட்டுப்போயின. அதை அவரே எழுதியிருக்கிறார். கைவிடுவது வேறு, இயற்கை வேளாண்மை வேறு என்பதுதான் அந்தப் புத்தகத்தின் முதல் பாடம். நாம் புத்தகத்தின் தலைப்பை வாசித்துவிட்டு நிலத்தைக் கைவிடுகிறோம்.

ரமணர் விஷயம் இன்னும் வேடிக்கை. 'சும்மா இரு' என்று சொன்ன அந்த மனிதரின் கைகள் சும்மா இருந்ததாகத் தெரியவில்லை. விடியுமுன் சமையலறையில் காய் நறுக்கினார், இலை தைத்தார், புத்தகம் பைண்டு செய்தார். கிழிந்த துணியைத் தைக்க ஊசி கேட்காமல், முள்ளில் துளை போட்டு, அந்தத் துணியிலிருந்தே நூலை உருவித் தைத்தார். பலன் கருதாத வேலை என்றால் என்ன என்று ஒருவர் கேட்டபோது அவர் பதில் சொல்லவில்லையாம். மலையில் முள் நிறைந்த ஒரு கொம்பை எடுத்து, முள் சீவி, கணு செதுக்கி, மணிக்கணக்கில் இழைத்து வழவழப்பாக்கி, எதிரே வந்த ஆடு மேய்க்கும் பையனிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ஆசிரமத்தின் கோசாலையும் சாப்பாட்டுக் கூடமும் தடுப்புச்சுவரும் எழும்பியபோது வேலையை மேற்பார்த்த அண்ணாமலை சுவாமி கட்டடக்கலை படித்தவர் அல்ல. கல்லை எப்படி அடுக்குவது, எங்கே எதை வைப்பது என்று ரமணரே சொல்லிக்கொடுத்தார். உங்கள் பக்தியில் நான் தலையிடவில்லை. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு மோட்டாரை ரிப்பேர் செய்யாமல் இருக்காதீர்கள்.

தோரோவையும் சேர்த்துக்கொள்ளலாம். 1845இல் வால்டன் குளக்கரைக்குப் போனவர் முதலில் செய்த காரியம் ஒரு கோடரியை இரவல் வாங்கியது. வாங்கியபோது இருந்ததைவிடக் கூர்மையாகத் திருப்பிக் கொடுத்ததாகப் பெருமையோடு எழுதுகிறார். நம் ஆட்கள் அந்தப் புத்தகத்திலிருந்து தனிமையை எடுத்துக்கொண்டார்கள். கோடரியை அங்கேயே விட்டுவிட்டார்கள்.

3

நம்மிடமே இதற்கு ஒரு மரபு இருந்தது. தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா பட்டயக் கணக்காளர். லண்டன், நியூயார்க் படிப்பு. 1934இல் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் தொடங்கியபோது காந்தி அவரிடம்தான் பொறுப்பைக் கொடுத்தார். வார்தாவில் மகன்வாடி என்ற இடத்தில் அவர் அமைத்ததை ஆசிரமம் என்று சொல்வதைவிடப் பட்டறை என்று சொல்வதே பொருத்தம். அங்கே செக்கைத் திருத்தினார்கள், காகிதம் செய்தார்கள், புகை குறைந்த அடுப்பு செய்தார்கள், தாவர எண்ணெயில் எரிகிற விளக்கு செய்தார்கள். கிராமத்தைப் பற்றிக் கண்ணீர் விடுவது அங்கே வேலை இல்லை. கிராமத்தில் எது உடைந்திருக்கிறது, அதை எந்தப் பொருளால், எந்த உளியால் சரி செய்யலாம் என்பதுதான் வேலை. நிலைத்த பொருளாதாரம் பற்றிய அவருடைய புத்தகம் 1945இல் ஜபல்பூர் சிறையில் எழுதப்பட்டது. அந்தப் புத்தகத்துக்குப் பின்னால் ஒரு செக்கின் சத்தம் இருக்கிறது. கடைசி வருடங்களை மதுரைப் பக்கம் தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் கழித்து 1960இல் இறந்தார்.

குமரப்பாவை நாம் மேற்கோளாக்கிவிட்டோம். நம்மாழ்வாரைச் சுவரொட்டியாக்கிவிட்டோம். இருவரும் கையில் மண்ணோடு இருந்தவர்கள்.

4

சரி, பட்டறை என்றால் என்ன? பயப்பட வேண்டாம். நான் சொல்வது தொழிற்சாலை அல்ல.

12க்கு 20 அடி ஒரு கொட்டகை போதும். நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும். அப்போது நீண்ட சுவரில் வெயில் குறைவாக விழும். வடக்குப் பக்கம் திறப்பு வையுங்கள், நாள் முழுக்கக் கண் கூசாத வெளிச்சம் கிடைக்கும். வீட்டோடு ஒட்டிக் கட்டாதீர்கள். சுற்றிப் பத்தடிக்குப் புல் இல்லாமல் மண்ணைச் செதுக்கி வையுங்கள். கிரைண்டரிலிருந்து பறக்கிற ஒரு பொறி பங்குனி மாதத்துக் காய்ந்த புல்லில் விழுந்தால் என்ன ஆகும் என்பதை இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாசலில் ஒரு தொட்டி தண்ணீர், ஒரு வாளி மணல். லாரி பேக்கரிடம் காந்தி சொன்னதாக ஒன்று உண்டு: வீட்டுக்கான பொருள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்க வேண்டும். வீட்டுக்கு அது முடியாவிட்டாலும் பட்டறைக்கு முடியும். எங்கள் பக்கம் கல்லுக்குப் பஞ்சமில்லை.

நடுவில் ஒரு மேசை. உறுதியாக, ஆட்டம் இல்லாமல், இடுப்பு உயரத்தில். அதன் மூலையில் ஒரு பெஞ்ச் வைஸ். அதன் வாய் உங்கள் முழங்கை மட்டத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அரம் போடும்போது முதுகு போய்விடும். முதல் வருடம் கைக்கருவி மட்டும் வாங்குங்கள். சுத்தி, உளி, ரம்பம், இழைப்புளி, அரம், குறடு, ஸ்பேனர் செட், பைப் ரிஞ்ச், டெஸ்டர், சாணைக்கல். கூடவே மண்வெட்டி, கடப்பாரை, களைக்கொத்து, கொடுவாள். கிரைண்டரும் வெல்டிங் மிஷினும் இரண்டாம் வருடம் வரட்டும். வரும்போது கண்ணாடியும் கையுறையும் சேர்ந்து வரட்டும். கிரைண்டரில் காப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு ஓட்டுகிற ஆளைப் பார்த்தால் அவரிடம் கற்றுக்கொள்ளாதீர்கள்.

கரண்ட் விஷயத்தில் ஒன்று. தமிழ்நாட்டில் விவசாய மோட்டாருக்கு இலவச மின்சாரம் உண்டு. அது தண்ணீர் இறைக்க மட்டும். அதில் கொக்கி போட்டு வெல்டிங் செய்வது சட்டப்படி தவறு. அதைவிட, ஒவ்வொரு அறுவடைக்கும் அந்த இலவசத்தை நம்பியிருக்கிற ஒரு சிறுவிவசாயியின் பெயரில் நீங்கள் செய்கிற திருட்டு அது. குடிசைத்தொழிலுக்கென்று தனிக் கட்டண வகை இருக்கிறது. விண்ணப்பம் போட்டு அலையுங்கள், வரும். முறையாக எர்த் போடுங்கள்.

பட்டறை வந்த பிறகு நிலத்தைப் பார்க்கிற கண் மாறும். வேலிகாத்தானை எதிரியாக மட்டுமே பார்த்திருப்பீர்கள். வெட்டி மூட்டம் போட்டால் நல்ல கரி, உலைக்கு ஆகும். கருவேலம் கலப்பைக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் போன மரம், காம்புக்கு அதைவிட என்ன வேண்டும்? காற்றில் ஒடிந்த கிளை குப்பை அல்ல, ஒரு கதவுத் தாழ்ப்பாள். பழைய ஜி.ஐ. பைப் ஒரு பந்தல் கால். கடைக்குப் போகிற முன் கொட்டகைக்குப் போகிற பழக்கம் வரும். என்னைக் கேட்டால் சிக்கனம், சூழலியல் என்கிற பெரிய வார்த்தைகள் எல்லாம் இந்தப் பழக்கத்தின் செல்லப்பெயர்கள்தான்.

5

நிலப் பராமரிப்புக்கு ஒரு வருடக் கணக்கு இருக்கிறது. தை, மாசியில் புல் காயத் தொடங்கும். எல்லையோரம் ஆறேழு அடி அகலத்துக்குச் செதுக்கித் தீ தாண்டாத பாதை போட வேண்டும். சித்திரையில் கிணறு தூர் வாரலாம், கோடை மழை கிடைத்ததும் உழவு ஓட்டலாம். ஆடிக்கு முன் வரப்பு கட்ட வேண்டும். புரட்டாசிக்குள் வடிகால் திறந்திருக்க வேண்டும், ஏனென்றால் ஐப்பசி, கார்த்திகையில் வானம் கேட்டுக்கொண்டு கொட்டாது. மார்கழியில் வேலி. ஊறிய மண்ணில் கல்தூண் சாயும், கம்பியை மறுபடி இழுத்துக் கட்ட வேண்டும். இந்த ஒவ்வொரு வரியும் ஒரு கருவியைக் கேட்கிறது, அந்தக் கருவி கூராக இருக்க வேண்டும் என்று கேட்கிறது.

இதற்கு மிகப் பெரிய சான்று நம் தலைக்கு மேலேயே நிற்கிறது. கடந்த நூற்றாண்டில் அண்ணாமலை பெரும்பாலும் மொட்டை மலை. பழைய புகைப்படங்களைப் பாருங்கள், பாறையும் புல்லும்தான். 1980களின் பிற்பகுதியிலிருந்து வெவ்வேறு குழுக்கள் அங்கே காடு வளர்க்க முயன்றிருக்கின்றன. இன்று 'தி ஃபாரஸ்ட் வே' அமைப்பு அந்த வேலையைத் தொடர்கிறது. மலைச்சரிவில் இன்று தெரிகிற பச்சையைப் பார்த்து எல்லோரும் 'எத்தனை மரம் நட்டார்கள்' என்று கேட்கிறார்கள். தவறான கேள்வி. நட்ட மரத்தை ஒவ்வொரு கோடையிலும் தீ வந்து கேட்கும். அந்த மலையில் எலுமிச்சைப் புல் அடர்த்தி, காய்ந்தால் எண்ணெய் போல எரியும். ஆகவே ஒவ்வொரு வருடமும் கோடைக்கு முன் ஆட்கள் மலையேறித் தீத்தடுப்புப் பாதை வெட்டுகிறார்கள். தீ பிடித்தால் ராத்திரியானாலும் ஏறி அடித்து அணைக்கிறார்கள். அந்தக் காடு வெட்டரிவாளின் மேல் நிற்கிறது. நடுகிறவர்களுக்குப் புகைப்படம் கிடைக்கிறது, பாதை வெட்டுகிறவர்களுக்கு முதுகுவலி.

தண்ணீர்க் கணக்கும் அப்படித்தான். 2024 டிசம்பர் 1, ஃபெஞ்சல் புயல் மழையில் அதே மலையின் சரிவில், வ.உ.சி. நகரில், மண்ணும் பாறையும் ஒரு வீட்டின் மேல் இறங்கி ஏழு பேர் இறந்தார்கள். ஐந்து பேர் குழந்தைகள். அவர்கள் மலை வியூவுக்காக அங்கே குடியேறியவர்கள் இல்லை. ஊருக்குள் இடம் இல்லாத எளிய மக்கள் சரிவில் ஏறுகிறார்கள். பணமுள்ளவர்கள் சமதளத்தில் ஃபார்ம் பிளாட்டுக்காக ஓடையை மேடாக்குகிறார்கள். சர்வே நம்பர் தண்ணீருக்குத் தெரியாது. உங்கள் வேலிக்குள் அடைத்த ஓடை கீழே இருக்கிறவர் வீட்டுக்குள் திறக்கும். நிலத்தைப் பராமரிப்பது என்றால் முதலில் தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று ஒரு அடைமழையில் குடை பிடித்துக்கொண்டு நடந்து பார்ப்பது. மரம் அதற்குப் பிறகு.

6

இப்போது உண்மையான சண்டைக்கு வருகிறேன்.

ஏன் நம் நிலக்கனவில் பட்டறை இல்லை? மறதியா? சோம்பலா? நான் நம்பவில்லை. காரணம் சாதி. நம் சமூகத்தில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு சாதியின் பெயர் ஒட்டியிருக்கிறது. சம்மட்டி ஒருவருக்கு, உளி ஒருவருக்கு, மண்வெட்டி ஒருவருக்கு, தோல் ஒருவருக்கு. விதையைத் தொடுவதில் ஒரு புனிதம் இருக்கிறது. கழிவுநீர்க் குழாயின் அடைப்பை எடுப்பதில் இல்லை. மண்ணைக் கையில் அள்ளி முகர்ந்து பார்க்கிற புகைப்படத்துக்குச் சாதி கிடையாது. மண்வெட்டிக்கு உண்டு. ஆகவே நகரத்திலிருந்து வருகிற படித்த பிள்ளை, தன் வீட்டில் மூன்று தலைமுறையாக யாரும் தொடாத கருவியைத் தொடாமலே இயற்கைக்குத் திரும்பிவிட விரும்புகிறான். ஆட்கள் செய்வார்கள், இவன் உணர்வான்.

குடிமராமத்து என்ற சொல்லைப் பாருங்கள். மராமத்து என்பது அரபியிலிருந்து வந்து நம் ஏரிக்கரையில் குடியேறிய சொல். ஊரே சேர்ந்து ஏரியைப் பராமரித்த பொற்காலம் என்று அதைப் பற்றி உருகி எழுதுகிறோம். அந்த ஊரில் மடை திறந்தவர், தண்ணீர் பங்கிட்டவர், உடைப்பில் இறங்கியவர் யார்? நீர்க்கட்டிகள் பெரும்பாலும் தலித்துகள். அவர்கள் பாய்ச்சிய நிலம் பெரும்பாலும் அவர்களுடையது அல்ல. 1858இல் ஆங்கில அரசு மெட்ராஸ் மாகாணத்தில் இந்த உழைப்பைக் கட்டாயமாக்கிச் சட்டமே போட்டது. பராமரிப்பு என்பது எப்போதும் யாரோ ஒருவர் முதுகின் மேல் ஏற்றப்பட்ட சுமை. அந்த 'யாரோ' யார் என்று கேட்காத இயற்கை விவசாயம் பழைய பண்ணையத்தின் புது லேபிள்.

இங்கேதான் நியாயமான ஒரு கேள்வி வரும். 'கைத்தொழிலைப் புகழ்கிறாயே, இது குலக்கல்வி ஆகாதா?' தமிழ்நாட்டில் இந்தச் சந்தேகம் வர வேண்டும், வருவது நம் பெருமை. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் பிள்ளைகளுக்குப் பாதி நாள் பள்ளி, மீதி நேரம் அப்பாவின் தொழில். பெரியார் எதிர்த்தார், மாநிலம் கொதித்தது, 1954இல் காமராஜர் வந்ததும் அதை எடுத்தார். எடுத்திராவிட்டால் நம்மில் பலர் இந்தக் கட்டுரையை வாசித்துக்கொண்டிருக்க மாட்டோம். 2023இல் ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டம் கொண்டுவந்தபோதும் குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை. அந்த நிபந்தனை இல்லாமல் கலைஞர் கைவினைத் திட்டம் என்று தனியாகக் கொண்டுவந்தது. சரியான முடிவு.

நான் கேட்பது அதன் மறுபக்கத்தை. கொல்லர் வீட்டுப் பிள்ளை மென்பொருள் எழுதப் போகட்டும். போனது நல்லது. அந்தச் சம்மட்டியை இனி யார் எடுப்பது? அதை ஒருபோதும் தொடாத வீட்டுப் பிள்ளைகள் எடுக்கட்டும். குலக்கல்வி சொன்னது 'உன் அப்பன் தொழிலைச் செய்' என்று. நான் சொல்வது 'உன் அப்பன் ஒருநாளும் செய்யாத தொழிலைச் செய்'. ஒரு சமூகத்தில் கருவியின் மேல் இருக்கிற தீட்டு அப்படித்தான் போகும். படிப்பு கீழிருந்து மேலே போனதுபோல உழைப்பு மேலிருந்து கீழே வர வேண்டும். முதல் பாதியை நூறு வருடமாகப் போராடிக் கொஞ்சம் செய்தோம். இரண்டாம் பாதியைத் தொடவே இல்லை.

இது வெறும் ஆசை இல்லை என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. 1968இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட பிறகு அந்த மண்ணுக்குப் போன கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் 1981இல் லாஃப்டி அமைப்பைத் தொடங்கினார்கள். நிலத்தை வாங்கி நிலமற்ற தலித் பெண்களின் பெயரில் பதிவு செய்து கொடுத்தார்கள். பட்டா கொடுத்ததோடு வீட்டுக்குப் போய்விடவில்லை. தச்சு, கொத்து வேலை, பாய் நெசவு, கயிறு என்று பயிற்சியும் கூடவே நடந்தது. நிலமும் கைத்திறனும் ஒரே வண்டியின் இரண்டு சக்கரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. உரிமையாளர் என்ற சொல்லுக்கு அங்கே பொருள் வந்தது.

எங்கள் மாவட்டத்திலேயே 2023இல் செய்யாறு சிப்காட் விரிவாக்கத்துக்காக மேல்மா சுற்றுவட்டாரத்தில் 3,000 ஏக்கருக்கு மேல் எடுக்கப் போகிறார்கள் என்று விவசாயிகள் மாதக்கணக்கில் உட்கார்ந்து போராடினார்கள். நவம்பரில் ஏழு பேர் மேல் குண்டர் சட்டம் பாய்ந்தது. ஒருவர் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிற நிலமும், இன்னொருவர் வார இறுதிக்கு வாங்குகிற நிலமும் ஒரே மாவட்டத்து மண். இரண்டுக்கும் நடுவில் நிற்கிற நமக்கு, வாங்கிய நிலத்தைக் காடாகவும் விடாமல் கழனியாகவும் வைக்காமல் தூங்கப்போட்டு விலையேற்றுகிற உரிமை இருக்கிறதா? பத்திரம் இருக்கிறது என்பீர்கள். பத்திரம் சட்டத்துக்கு. மண்ணுக்கு என்ன பதில்?

7

ஆகவே, நிலம் வாங்கப் போகிற நண்பருக்கு என் கோரிக்கைகள், கொஞ்சம் கறாராகவே.

வாங்குவதற்கு முன் ஒரு வருடம் கொடுங்கள். அரசு ஐ.டி.ஐ.யில் வெல்டர் பயிற்சி ஓராண்டுதான், எலக்ட்ரீஷியன் இரண்டாண்டு. அது முடியாவிட்டால் ஒரு ரீவைண்டிங் கடையில் சனி, ஞாயிறு உட்காருங்கள். மூன்று மாதத்தில் மோட்டார் உங்களுக்குப் புரியும் பொருளாகிவிடும். பெண்கள் இதில் 'உதவிக்கு' நிற்காதீர்கள், நேரே வைஸ் முன்னால் நில்லுங்கள்.

ஊரில் உலை வைத்திருக்கிற ஆசாரி ஒருவராவது இன்னும் இருப்பார். பெரும்பாலும் அறுபது வயதைத் தாண்டியிருப்பார். அவரைக் கூலிக்குக் கூப்பிடாதீர்கள், கற்றுக்கொள்ளப் போங்கள், கற்றுக்கொடுப்பதற்குக் காசு கொடுங்கள். எங்கள் ஊர் ஆசாரி முதல் ஆறு மாதம் என்னை 'சார்' என்றுதான் கூப்பிட்டார். கடப்பாரை முனையைக் காய்ச்சி அடிக்கும்போது எந்த நிறத்தில் எடுத்துத் தண்ணியில் தோய்ப்பது என்று நூறு தடவை கேட்டேன். "வாயால சொல்றதில்ல சார், கண்ணால பாக்கறது" என்பார். அது ஒருநாள் என் கண்ணுக்கும் பட்டது. அன்றைக்கு 'தம்பி' ஆனேன். நான் வாங்கிய பட்டங்களில் அதற்கு நிகராக ஒன்றும் இல்லை.

பட்டறையின் கதவு உங்கள் வீட்டைப் பார்த்து இருக்க வேண்டாம், தெருவைப் பார்த்து இருக்கட்டும். பக்கத்து வீட்டு சைக்கிள், எதிர்வீட்டு ஸ்பிரேயர், பள்ளிக்கூடத்து பெஞ்ச் எல்லாம் உள்ளே வரட்டும். கருவியை இரவல் கொடுங்கள். கூர்மை குறைந்து திரும்பி வரும், பரவாயில்லை, சாணைக்கல் எதற்கு இருக்கிறது? சாதித்தெருக்கள் பிரிந்து கிடக்கிற ஊரில் ஒரு வெல்டிங் மிஷின் முன்னால் நாலு தெரு ஆளும் வரிசையில் நிற்பதை நான் பார்க்கிறேன். புரட்சி என்று சொல்ல மாட்டேன். ஆனால் கவிதை வாசிப்புக்கு அவர்கள் வந்ததில்லை.

எழுதுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. மண்வாசனையைப் பற்றி இனி ஐந்து வருடத்துக்கு யாரும் எழுத வேண்டாம். ஃபுட் வால்வைப் பற்றி எழுதுங்கள். வரப்பு எப்படி உடைகிறது, எந்த இடத்தில் முதலில் கசிகிறது என்று எழுதுங்கள். ஒரு கருவியின் பாகங்களுக்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்று கேட்டு எழுதி வையுங்கள், அந்தச் சொற்கள் எல்லாம் சொல்கிறவர்களோடு போய்க்கொண்டிருக்கின்றன. மொழி வளம் அகராதியில் இல்லை, அந்தக் கொட்டகையில் இருக்கிறது.

இவ்வளவும் ஆன பிறகு மரம் நடுங்கள். நிறைய நடுங்கள். நட்ட மறுநாள் எதுவோ ஒன்று உடையும். எழுந்து போய் அதைச் சரி செய்ய உங்களால் முடியும் என்றால் அந்த நிலம் உங்களுடையது.